கொட் மீனுக்கு அறுபது, நம் கடலுக்கு இரண்டு

மைன்கிராஃப்ட் விளையாட்டில் தூண்டில் போட்டால் என்ன மீன் வரும் என்பதைச் சிறியதொரு எழுத்துக்கோப்பு தீர்மானிக்கிறது. அதில் நான்கே வரிகள்: கொட் 60, செமன் 25, பேத்தை 13, வெப்பக்கடல் மீன் 2. இவற்றை எடைகள் என்கிறார்கள். கூட்டினால் நூறு வரும். விளையாட்டைச் செய்த மொஜாங் நிறுவனம் ஸ்டொக்ஹோமில் இருக்கிறது. அந்தப் பக்கத்துச் சந்தையில் அன்றாடம் கிடைக்கும் மீன் முதலிடம் பிடித்ததில் வியக்க ஒன்றுமில்லை. இலங்கையின் கற்பிட்டிப் பக்கத்துத் தலவிலக் கரையிலிருந்து பார்த்தால்தான் பட்டியல் தலைகீழாகத் தெரிகிறது. கொட் மீனை இங்கே யாரும் பிடித்ததில்லை. செமனை டின்னில் மட்டும் கண்டிருக்கிறோம், அதுவும் பெரும்பாலும் வேறு மீன். கற்பிட்டிக் கடலிலுள்ள பார் ரீஃப் பவளப்பாறைத் திட்டில் மட்டும் 283 வகை மீன்கள் பதிவாகியிருக்கின்றன. அத்தனையும் அந்த இரண்டுக்குள் அடங்கியாக வேண்டும்.

இந்த எண்களை யாரும் திருத்தலாம். 2016 பெப்ரவரியில் 1.9 பதிப்பு வரும்வரை அவை நிரலுக்குள் புதைந்து கிடந்தன. அந்தப் பதிப்பு அவற்றை வெளியே எடுத்து, 'லூட் டேபிள்' என்ற தனிக்கோப்புகளாக வைத்தது. 2018 ஜூலையில் வந்த 1.13 பதிப்பு, அவற்றை டேட்டா பேக் என்ற பொதியாகக் கட்டி உலகத்துக்கு உலகம் கொண்டுபோக வழிசெய்தது. தோற்றத்தை மாற்றும் வழக்கம் இதற்கு மூத்தது. டெக்ஸ்சர் பேக் 2010 முதலே உண்டு. 2013இல் ஒலியும் மொழியும் சேர்ந்து அது ரிசோர்ஸ் பேக் ஆயிற்று. ஆக, ஒரு பொருள் எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு பொதி. அது எதிலிருந்து எவ்வளவு விழும் என்பதற்கு இன்னொரு பொதி. முதலாவதில் கைவேலை கொழிக்கிறது, இரண்டாவதில் சோம்பல் தெரிகிறது என்பதுதான் என் குறை.

படம் மாற்றுவது எளிது. ஒரு பொருளின் முகம் 16க்கு 16, அதாவது 256 புள்ளிகள். நிரல் தெரியாத பிள்ளையும் வரைந்து, அதே பெயரில் கோப்பைச் சேமித்து, உரிய இடத்தில் வைத்துவிடலாம். பிடிக்காவிட்டால் பொதியைக் கழற்றினால் போதும், எதுவும் கெடாது. ஓர் ஊர்ப்பிள்ளைக்குத் தன் ஊரைத் திரையில் காண இதைவிட மலிவான வழி இல்லை. தலவில புனித அன்னம்மாள் ஆலயத்தின் முதிரை மரத் தூண்களை எடுத்துக்கொள்வோம். விளையாட்டில் முதிரை கிடையாது. ஓக் மரத்தின் படத்தின்மேல் முதிரையின் மஞ்சளையும் வரியோட்டத்தையும் தீட்டினால், ஆலயம் எழும்பிவிடும்.

சிக்கல் அந்த மரத்தின் இலையில் இருக்கிறது. ஓக் இலைகளில் இருநூற்றுக்கு ஒன்றிலிருந்து ஆப்பிள் விழவேண்டும் என்று இன்னொரு கோப்பில் எழுதியிருக்கிறது. படம் வரைந்தவர் அந்தக் கோப்பைத் திறக்கவில்லை. எனவே தலவில முதிரையில் ஆப்பிள் காய்க்கிறது. இணையத்தில் கிடைக்கும் பல 'உள்ளூர்' பொதிகளின் கதை இதுதான். மேலே நம் ஊர், கீழே ஸ்டொக்ஹோமின் கணக்கு.

படம் வெறும் ஒப்பனை என்று சொல்லிவிடவும் முடியாது. எக்ஸ்-ரே பேக் என்று ஒருவகை உண்டு. கல்லின் படத்தைக் கண்ணாடிபோல் ஆக்கிவிட்டு, மண்ணுக்குள் வைரம் எங்கே இருக்கிறது என்று பார்த்துத் தோண்டும் திருட்டு. ஓர் எண்ணையும் தொடாமல் படத்தை மட்டும் மாற்றி ஆட்டத்தின் பொருளாதாரத்தையே கவிழ்க்கலாம் என்பதற்கு அது சான்று.

ஆனாலும் எண்ணை மாற்றுவது வேறு தரத்து வேலை. மாறிய படம் முதற்பார்வையிலேயே தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். மாறிய எடை அப்படிக் காட்டாது. 2020இல் டிரீம் என்ற பெயரில் அறியப்பட்ட அமெரிக்க விளையாட்டாளரின் வேகஓட்டங்களை, அதாவது ஆட்டத்தை விரைந்து முடிக்கும் முயற்சிகளை, சரிபார்ப்பாளர்கள் ஆராய்ந்தபோது, பிக்லின் என்ற விளையாட்டு உயிர்களோடு செய்த 262 பண்டமாற்றுகளில் 42 தடவை அவருக்கு எண்டர் முத்து கிடைத்திருந்தது. அந்தப் பதிப்பின் கோப்புப்படி நூற்றுக்கு ஐந்துகூட வரக்கூடாது. பாதிக்குப் பாதி விழவேண்டிய பிளேஸ் கோல் 305க்கு 211 தடவை விழுந்திருந்தது. அதிர்ஷ்டமா, மாற்றமா என்று உலகமே மாதக்கணக்கில் வாதாடியது. வாய்ப்பளவுகளை மாற்றும் 'மோட்' என்ற கூடுதல் நிரல் தன் கணினியில் இருந்ததை 2021 மே மாதம் அவரே ஒப்புக்கொண்டார். தெரியாமல் நேர்ந்தது என்றார். நூற்றுக்கணக்கான தடவை எண்ணிப் பார்த்தால்தான் பிடிபடும் மாற்றம் இது. அந்த எண்களை வைத்துக்கொண்டு நிகழ்தகவு கற்பிக்கும் ஆசிரியருக்கு வேறு பாடநூல் தேவைப்படாது.

நேர்மையாகச் செய்யப்படும் எடைத்திருத்தங்களின் குறை வேறு: தாராளம். மண்ணைத் தோண்டினால் வைரம், சோம்பியைக் கொன்றால் இரும்புக் குவியல். மூல விளையாட்டில் சோம்பியிடமிருந்து இரும்பு, கரட், உருளைக்கிழங்கு மூன்றில் ஏதாவது ஒன்று விழும் வாய்ப்பு நூற்றுக்கு இரண்டரை. அந்தக் கஞ்சத்தனத்தால்தான் முதல் உருளைக்கிழங்கு கையில் விழும்போது ஒரு தோட்டமே தொடங்குகிறது. இருபத்தைந்தாக்கிப் பாருங்கள், தோட்டம் போடும் அவசியமே போய்விடும். இப்படியான பொதியை முதல் மணிநேரம் கொண்டாடுவார்கள், மறுநாள் யாரும் தொடமாட்டார்கள்.

தொழில்நுட்பத் தொல்லைகளும் உண்டு. இரண்டு பொதிகள் ஒரே லூட் டேபிளைத் தொட்டால் அவை கலக்காது. மேலே இருப்பது கீழே இருப்பதை முழுதாக விழுங்கிவிடும். 2024 ஜூனில் வந்த 1.21 பதிப்பு லூட் டேபிள் கோப்புறையின் பெயரில் ஓர் எழுத்தைக் குறைத்தது. பழைய பொதிகள் ஏறியதாகவே காட்டின, உள்ளே ஒன்றும் நடக்கவில்லை. 2019இலிருந்து ஒரு கொட் மீனுக்கு வேறு படம், வேறு பெயர் கொடுத்துப் புது மீனாக விழச்செய்ய வழி இருக்கிறது. அதற்கு இரண்டு பொதிகளும் சேர்ந்து வேலைசெய்ய வேண்டும். ரிசோர்ஸ் பேக்கை ஏற்காத விளையாட்டாளரின் திரையில் பாரை என்ற பெயரோடு கொட்தான் துள்ளும். அந்தப் பெயரும் சரியாகத் தெரியாது. விளையாட்டின் ஜாவா பதிப்பின் மொழிப்பட்டியலில் தமிழ் இருக்கிறது, ஆனால் எழுத்துகளை வந்த வரிசையிலேயே அது அடுக்குவதால் 'ரை'யின் இணைக்கொம்பு ரகரத்துக்குப் பின்னால் போய் நின்றுவிடும்.

இத்தனைக்குப் பிறகும் லூட் டேபிளை நான் விரும்புவதற்குக் காரணம் அதிலுள்ள நிபந்தனைகள். இன்ன நிலப்பகுதியில் மட்டும், மழையில் மட்டும், இன்ன நேரத்தில் மட்டும் என்று ஒவ்வொரு வரிக்கும் கட்டுப்பாடு போடலாம். அடர்காட்டில் தூண்டில் போட்டால் மூங்கில் வரக்கூடும் என்று மூலக்கோப்பே சொல்கிறது. மூங்கிலுக்குக் காட்டிய அந்த அக்கறையை மீனுக்குக் காட்டவில்லை. விளையாட்டின் வெப்பக்கடலில் கொட் நீந்துவதில்லை. அங்கே நீந்துபவை 2,000க்கும் மேற்பட்ட நிறக்கோலங்களில் வரும் சிறுமீன்களும் பேத்தையும். அதே நீரில் தூண்டில் போட்டால் கொட் 60. இந்த ஓட்டையை அடைக்க ஒரு பிள்ளைக்கு ஒரு மாலைப்பொழுது போதும்.

தலவிலப் பக்கத்துக் கடலுக்குப் பருவம் உண்டு. தென்மேல் காற்று அடங்கிய பிறகு, ஏறக்குறைய ஒக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை, கரைவலைக் காலம். மற்ற மாதங்களில் கடல் கொந்தளிப்பு. விளையாட்டில் ஒரு நாள் இருபது நிமிடம். நாட்களை எண்ணித் திரும்பத் திரும்ப வரும் பருவத்தை அந்த நேர நிபந்தனையைக் கொண்டே கட்டலாம். காற்றுக்காலத்தில் வெறும் தூண்டில், அடங்கியதும் சூடையும் நெத்தலியும், எப்போதாவது ஓர் அறுக்குளா. இப்படி எழுதப்பட்ட கோப்புக்கு ஒரு படம்கூட வரையாவிட்டாலும் அதை இந்தக் கரைக்குரியது என்பேன்.

இந்தக் கோப்புக்கு எட்டாத இடமும் இருக்கிறது. கரைவலையில் பட்டது வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டிக்கும் கயிறு இழுத்தவர்களுக்கும் பங்காகப் பிரியும். லூட் டேபிளை எப்படித் திருத்தினாலும் தூண்டில் பிடித்தவர் கைக்கே எல்லாம் போகும். பலர் சேர்ந்து இழுத்த வலையை எழுத அதில் வரி கிடையாது.

தலவிலவுக்கென்று ஒரு பொதி செய்ய உட்காரும் பிள்ளைகள், வரைபலகையைத் திறக்குமுன் கரையில் வலை இழுக்கும் ஒருவரிடம் போகட்டும். எந்த மாதம் எது படும், எது படாது, எது பட்டால் ஊரே பேசும் என்று கேட்டு, அதை எடைகளாக எழுதிக்கொள்ளட்டும். படம் பிறகு வரையலாம்.