மாமியை விளித்த இரு பாடல்கள்

ஈழத்துப் பொப்பிசையை வெறும் களியாட்டமெனத் தள்ளிவிடும் போக்கு நம்மிடையே வேரூன்றிய ஒன்று. அதன் தோற்றத்தைச் சமகாலச் சிங்களப் பொப்பிசையோடு ஒப்புநோக்குமிடத்து, இம்மதிப்பீடு மறுபரிசீலனைக்குரியது என்பது புலனாகும்.

1960களின் நடுப்பகுதியில் கிளரன்ஸ் விஜேவர்த்தன, அனஸ்லி மாலேவன ஆகியோரை முதன்மையாகக் கொண்டு மூன்ஸ்டோன்ஸ் இசைக்குழு உருவாயிற்று. அறிவிப்பாளர் விஜய கொரயா அளித்த ஆதரவு அதனை வானொலி நேயர்களிடம் கொண்டுசேர்த்தது. பின்னர் இந்திராணி பெரேராவின் குரலும் இணைந்தது. மின்கிற்றாரின் துணையுடன் சொந்த மெட்டுக்களைச் சிங்களத்திற் பாடியமையே இக்குழுவின் சாதனை. தாமே புனைந்து, தாமே இசைத்து, தாமே பாடுவது என்ற பீற்றில்ஸ் முறை இங்கு மண்ணின் மொழியைப் பெற்றது.

அவர்களுக்குப் பெயர் தேடித்தந்த முதற்பாடல் ‘மேங்கோ கலு நெந்தே’. ‘நெந்தா’ என்பது தமிழில் மாமி. அதே தசாப்தத்தின் பிற்பகுதியில் நித்தி கனகரத்தினம் கிற்றாரோடு பாடிப் பரப்பியது ‘சின்ன மாமியே’. இரு மொழிகளிலும் புதிய இசை மாமியை விளித்தே பிறந்தமை தற்செயலாக இருக்கலாம். ஆயினும், அவ்விளிப்பைச் சாத்தியமாக்கிய உறவுமுறையும் பேச்சுமொழியும் இரு சமூகங்களுக்கும் நெருக்கமானவை. வொலி பஸ்தியன் வளர்த்த பைலாத் தாளமும் அவ்வாறே பொதுச்சொத்து. களனி ஆற்றுக்கு வடக்கே பேலியகொடையிலும் தெற்கே கொட்டாஞ்சேனையிலும் அத்தாளத்துக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. ஏ. ஈ. மனோகரன் பாடிப் புகழ்பெற்ற ‘சுராங்கனி’ இதற்குத் தக்க சான்றாகும்.

தொடக்கம் ஒன்றாயினும் வளர்ச்சி வேறுபட்டது. மூன்ஸ்டோன்ஸ் குழுவினர் நகைச்சுவையோடு நின்றுவிடவில்லை. காதலையும் பிரிவையும் அதே எளிய மெட்டுக்களுக்குள் கொண்டுவந்தனர். அவர்களது சொற்கள் சிலவேளை மெலிந்தவையே. எனினும், அம்மெலிவை இணைக்குரல்களின் இசைவு ஈடுசெய்தது. தமிழ்ப் பொப்பிசையோ பெரும்பாலும் நையாண்டியையே தன் எல்லையாகக் கொண்டது. மனோகரனிடம் மேடையை ஆளும் ஆற்றலும் நித்தியிடம் கூர்மையான சமூக அவதானிப்பும் இருந்தன. ஆனால், துயரத்தைப் பாடுவதற்குரிய வடிவமாகப் பொப்பிசை நம்மிடையே கருதப்படவில்லை.

இதற்குப் பாடகர்களை மட்டும் குறைகூறுதல் பொருந்தாது. தமிழ் நேயரின் காதலையும் கண்ணீரையும் தென்னிந்தியத் திரையிசை ஏற்கெனவே தன்வயப்படுத்தியிருந்தது. எஞ்சிய இடத்தை வானொலியின் ஈழத்து மெல்லிசை நிரப்ப முயன்றது. பொப்பிசைக்கு விடப்பட்டது சிரிப்பு மட்டுமே. குழுவாக இயங்கி ஒருவர் குரலை மற்றொருவர் செப்பனிடும் மரபும் இங்கு போதியளவு வலுப்பெறவில்லை. தனிப்பாடகரின் பெயரே நிலைத்தது.

கிளரன்ஸ் 1996இலும் மனோகரன் 2018இலும் மறைந்தனர். முன்னவர் இசை சிங்களத்தில் ஒரு காலகட்டத்தின் இலக்கணமாக மதிக்கப்படுகின்றது. பின்னவர் பாடல்கள் நம் விழாக்களில் இறுதி நிகழ்ச்சியாக, எழுந்து ஆடுவதற்கு மட்டுமே ஒலிக்கின்றன. அப்பாடல்களை ஒருமுறை அமர்ந்து கேட்டலே அவற்றுக்குரிய விமர்சனத்தின் முதற்படியாகும்.