பின்னால் தள்ளு, முன்னால் நீளாதே

ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவில் மடங்கி எழும் கண்ணாடி கிடையாது. எஸ்.எல்.ஆரில் அதற்கு வழிவிட்டு லென்ஸ் ஃபிலிமிலிருந்து தள்ளியே நிற்க வேண்டும். இங்கே அந்தத் தொல்லை இல்லை. இந்தச் சலுகையை லென்ஸ் வடிவமைப்பாளர் லுட்விக் பெர்ட்டெலே அளவுக்கு அனுபவித்தவர் யாருமில்லை என்பேன். 1950களில் கான்டாக்ஸ் கேமராவுக்கு வந்த அவருடைய 21 மி.மீ. ஸைஸ் பயோகான் லென்ஸில் கடைசி வில்லை ஃபிலிமை முட்டிவிடுமோ என்று பயப்படும் அளவுக்கு உள்ளே புகுந்து நிற்கும். அபெர்ச்சர் துவாரத்துக்கு முன்னும் பின்னும் ஏறக்குறைய ஒரே அமைப்பு. முன்பாதி செய்யும் கோணலைப் பின்பாதி நிமிர்த்திவிடும். படத்தின் விளிம்பில் நிற்கும் தூண்கூட வளையாது.

ஒளி சாய்ந்து வந்தால் ஃபிலிம் பெரிதாக அலட்டிக்கொள்ளாது. மூலை கொஞ்சம் இருளும், அவ்வளவுதான் (அந்த இருட்டு எனக்குப் பிடிக்கும்). டிஜிட்டல் சென்சாரின் பிக்சலோ கிணறு மாதிரி: உச்சி வெயில்தான் அடிவரை இறங்கும், சாய்வெயில் சுவரோடு நின்றுவிடும். அது மட்டுமா, பக்கத்துப் பிக்சலின் நிறவடிகட்டி வழியாகவும் ஒளி கசியும். வெள்ளைச் சுவரை எடுத்தால் ஓரத்தில் மெஜந்தா படரும்.

இதைச் சமாளிக்க லைக்கா நிறுவனம் முதலில் கேமராவைத்தான் திருத்தியது. 2006இல் வந்த அதன் எம்8 கேமராவில் சென்சார் ஃபிலிம் சட்டத்தைவிடச் சிறியது. ஓரத்துப் பிக்சல்களின் மேலுள்ள மைக்ரோலென்ஸ்கள் மையத்தை நோக்கி நகர்த்தப்பட்டிருந்தன. சென்சாரின் மேலே ஒட்டிய கண்ணாடித் தகடு வெறும் 0.5 மி.மீ. தகடு மெலிந்ததும் அகச்சிவப்பு ஒளி உள்ளே நுழைந்துவிட்டது. கறுப்புச் செயற்கைத் துணியெல்லாம் ஊதா கலந்து தெரிய, வாங்கியவர்களுக்கு அகச்சிவப்பைத் தடுக்கும் ஃபில்டரை இலவசமாகக் கொடுக்க வேண்டியதாயிற்று.

லென்ஸையே மாற்றி யோசித்ததற்கு எனக்குப் பிடித்த உதாரணம், ஜப்பானின் கோசினா தயாரிக்கும் ஃபோக்ட்லேண்டர் 15 மி.மீ. சூப்பர் வைடு ஹீலியார். 1999இல் வந்த முதல் வடிவத்தில் 8 வில்லைகள், சட்டைப்பையில் அடங்கும். 2015இன் மூன்றாம் வடிவத்தில் 11. இரண்டையும் கையில் எடுத்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பின்பக்கமாகப் பாருங்கள். பழையதில் துவாரத்தின் பிம்பம் பின்வில்லைக்கு அருகிலேயே நிற்கும். புதியதில் அது ஆழத்துக்குப் போயிருக்கும். சென்சாருக்கு ஒளி புறப்படும் இடம் அந்தப் பிம்பம்தான். அது எவ்வளவு தள்ளிப் போகிறதோ, ஓரத்துக் கதிர் அவ்வளவு நிமிர்ந்து விழும். இதற்காகச் சமச்சீரைக் கைவிட்டும் கோடு வளையாமல் பார்த்துக்கொண்டதைத்தான் நான் கைவண்ணம் என்பேன்.

இங்கே இன்னொரு நெருக்கடியும் உண்டு. பின்னால் தன்னைவிட்டு விலகச் சொல்கிறது சென்சார். முன்னால் நீண்டாலோ ஃபைண்டர் ஜன்னலை லென்ஸ் மறைக்கும். எஸ்.எல்.ஆர். லென்ஸ் போலக் குண்டாக வளர்ந்து தப்பிக்க வழியில்லை. மூன்றாம் ஹீலியார் பருத்ததில் எனக்கு வருத்தம்தான், ஆனாலும் கலருக்கு அதையே மாட்டுவேன். கறுப்பு வெள்ளைக்கு மட்டும் பழையது. 2012 முதல் வரும் லைக்கா மோனோக்ரோம் வகை சென்சாரில் நிறவடிகட்டியே கிடையாது. கசிய நிறமும் இல்லை. மூலை மட்டும் இருளும், பழைய ஃபிலிமில் இருண்டதுபோல.