‘டிரைவர் அப்டேட் பண்ணுங்க’ என்கிற அறிவுரையைப் பற்றி

பத்து வருஷப் பழைய லேப்டாப்பில் ஓஎஸ்ஸை மேம்படுத்தியதும் எழுத்தெல்லாம் பெரிசாகத் தெரிகிறது, பிரைட்னஸ் குறையவில்லை, ஹெச்டிஎம்ஐ வேலை செய்யவில்லை, யூடியூப் போட்டாலே ஃபேன் கத்துகிறது. இதற்குத் தமிழில் கிடைக்கும் பதில்கள் பெரும்பாலும் மூன்றுதான். டிரைவரை அப்டேட் பண்ணு. ஃபார்மட் பண்ணி பழைய விண்டோஸையே போடு. மெஷின் போயிடுச்சு, புதுசு வாங்கு.

மூன்றுமே அரைகுறை என்பதுதான் என் கட்சி. திருநின்றவூரில் தெரிந்தவர்கள் கொண்டுவந்து வைக்கும் மெஷின்களைப் பார்த்தும், ஓய்வு நேரத்தில் பழைய ரிலீஸ் குறிப்புகளைத் தோண்டிப் படித்தும் எனக்குப் புரிந்தது இது: இந்த மாதிரிக் கோளாறுகளில் பெரும்பாலானவற்றில் மெஷினில் எதுவும் கெட்டுப்போயிருக்காது. எங்கோ ஒரு கம்பெனி “இந்தச் சிப்புக்கு இனி டிரைவர் எழுத மாட்டோம்” என்று முடிவெடுத்திருக்கும். அந்த முடிவு உங்கள் ஸ்கிரீனில் வந்து தெரியும், அவ்வளவுதான்.

முதலில் அடிப்படை. ஓஎஸ்ஸுக்கு உங்கள் கிராபிக்ஸ் சிப்பின் பாஷை தெரியாது. நடுவில் மொழிபெயர்ப்பாளராக டிரைவர் நிற்கிறது. ஓஎஸ் தன் பக்க விதியை மாற்றினால் டிரைவரையும் திருத்தி எழுத வேண்டும். ஆள் கிடைக்காவிட்டால் விண்டோஸ், ‘மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்’ என்ற பொதுவான டிரைவரைப் போட்டுச் சமாளிக்கும். லினக்ஸில் ‘எல்எல்விஎம்பைப்’ என்று காட்டும். கிராபிக்ஸ் சிப் செய்ய வேண்டிய வேலையை சிபியு தலையில் கட்டியிருக்கிறது என்று அர்த்தம். ஃபேன் கத்துவதற்குக் காரணம் இதுதான்.

இது புதுக்கதையும் இல்லை. 2007ல் விஸ்டா வந்தபோது மைக்ரோசாஃப்ட் டிரைவர் அமைப்பையே மாற்றியது. புதிய அமைப்புக்கு டபிள்யூடிடிஎம் என்று பெயர். இன்டெல்லின் 915 சிப்செட்டால் அதில் ஓட முடியாது. ஆனாலும் அந்த மெஷின்கள் மேல் ‘விஸ்டா கேப்பபிள்’ ஸ்டிக்கர் ஒட்டி விற்கப்பட்டன. அமெரிக்காவில் வழக்கு நடந்து, 2008ல் மைக்ரோசாஃப்டின் உள் மின்னஞ்சல்கள் வெளியே வந்தன. ஸ்டிக்கருக்கான விதி தளர்த்தப்பட்டதைப் பற்றி உள்ளேயே அதிருப்தி இருந்தது அதில் தெரிந்தது. 915 வைத்திருந்தவரிடம் “டிரைவர் அப்டேட் பண்ணுங்க” என்று சொல்லி என்ன பிரயோஜனம்? அப்படி ஒரு டிரைவரே கிடையாது.

இப்போது இரண்டு சிப்களை ஒப்பிட்டுப் பார்க்கலாம். என் வாதத்தின் மையமே இதுதான்.

முதலாவது, 2011 கடைசியில் நெட்புக்குகளில் வந்த இன்டெல் ஆட்டம் என்2600. பெட்டி மேல் இன்டெல் பெயர் இருந்தாலும் கிராபிக்ஸ் பகுதி பிரிட்டனின் இமாஜினேஷன் டெக்னாலஜிஸிடம் உரிமம் வாங்கிய பவர்விஆர். விண்டோஸ் 7க்கு 32 பிட் டிரைவரோடு கதை முடிந்தது. லினக்ஸில் படம் தெரியும், ஆனால் 3டி முடுக்கம் கிடையாது. சிப்பின் உள்விவரங்கள் வெளியே தரப்படவில்லை. இதே பவர்விஆர் வைத்த இன்னொரு ஆட்டம் குடும்பம் க்ளோவர் டிரெயில். 2017ல் விண்டோஸ் 10 கிரியேட்டர்ஸ் அப்டேட் வந்தபோது, எழுத்தும் ஐகானும் சரியாகத் தெரியாது என்ற நிலையில் அந்த மெஷின்களுக்கு அப்டேட்டே நிறுத்தப்பட்டது. மைக்ரோசாஃப்ட் 2023 ஜனவரி வரை பாதுகாப்புத் திருத்தம் மட்டும் தருவதாகச் சொல்லி முடித்துக்கொண்டது.

இரண்டாவது, ஏஎம்டியின் ரேடியான் ஹெச்டி வரிசை. 2015 நவம்பரில் ஹெச்டி 5000, 6000 வரிசைகளில் உள்ள சிப்களை ஏஎம்டி பழைய பட்டியலுக்குத் தள்ளியது. அடுத்த ஏப்ரலில் வந்த உபுண்டு 16.04, ஏஎம்டியின் மூடிய டிரைவரான எஃப்ஜிஎல்ஆர்எக்ஸைக் கைவிட்டது. 14.04லிருந்து மேலே போனவர்கள் பலருக்கு அன்று கண்ணைக் கட்டியது நிஜம். ஆனால் அந்தச் சிப்கள் சாகவில்லை. 2007 செப்டம்பரிலேயே ஏஎம்டி தன் சிப் ஆவணங்களை வெளியிடப் போவதாக அறிவித்து, அதன்படி செய்யவும் ஆரம்பித்திருந்தது. அதை வைத்து எழுதிய ரேடியான் திறமூல டிரைவர் புது லினக்ஸிலும் ஓடுகிறது.

ஆக, என்2600ஐ விடப் பழைய ரேடியான் இன்னும் பிழைத்திருக்கிறது. வயசு தீர்மானிக்கவில்லை; காகிதம் வெளியே வந்ததா இல்லையா என்பதுதான் தீர்மானித்தது.

கம்பெனிகள் பக்கமும் நியாயம் உண்டு. ஒவ்வொரு ஓஎஸ் வெளியீட்டுக்கும் பழைய சிப்பையெல்லாம் சோதிக்க ஆளும் பணமும் வேண்டும். காலம் முழுக்க யாராலும் முடியாது. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கடையைக் கட்டும்போது சாவியைக் கொடுத்துவிட்டுப் போகலாமே என்பதுதான் கேள்வி.

சரி, கையில் மெஷின் இருக்கிறது, அப்ப என்ன பண்றது? நான் போகும் வரிசை இது.

டிவைஸ் மேனேஜரில் ஹார்டுவேர் ஐடியைப் பாருங்கள். வெண்டர் எண் 8086 என்றால் இன்டெல், 1002 என்றால் ஏஎம்டி, 10டிஇ என்றால் என்விடியா. சிப் எதுவென்று தெரியாமல் ‘எல்லா டிரைவரும் ஒரே கிளிக்கில்’ என்கிற மென்பொருளை இறக்காதீர்கள். தேவையில்லாத சரக்கும் சேர்ந்து வரும்.

அடுத்து, லினக்ஸை ஒரு பென் டிரைவில் போட்டு, இன்ஸ்டால் பண்ணாமல் பூட் பண்ணுங்கள். ரெசல்யூஷன் சரியாக வந்து, கிராபிக்ஸ் இடத்தில் சிப்பின் பெயர் வந்தால் ஹார்டுவேர் நன்றாக இருக்கிறது, தகராறு டிரைவரில்தான். அரை மணி நேர வேலை. மதர்போர்டு போச்சு என்று செலவு வைப்பதற்கு முன்னால் இதைச் செய்துவிடலாம்.

விண்டோஸில் முன்பு ஓடிய டிரைவரை அப்டேட் மாற்றியிருந்தால் ‘ரோல் பேக்’ பொத்தான் உயிரோடு இருக்கும். ஓஎஸ்ஸையே மேம்படுத்தியிருந்தால் திரும்பிப்போகப் பொதுவாக 10 நாள் அவகாசம். அதைத் தாண்டவிட வேண்டாம். விண்டோஸ் 7க்கே திரும்புவது மட்டும் தீர்வாகாது; 2020 ஜனவரி 14லேயே அதற்கு ஆதரவு முடிந்துவிட்டது, நெட்டில் இணைத்தால் ஆபத்து.

லினக்ஸில் கறுப்புத் திரை வந்தால் ‘நோமோட்செட்’ போடச் சொல்வார்கள். அது ஊன்றுகோல், உள்ளே நுழைய மட்டும். அதை நிரந்தரமாக விட்டுவிட்டால் சிப்பின் முடுக்கமே கிடைக்காது. பல தமிழ் வீடியோக்கள் அதோடு ‘பிராப்ளம் சால்வ்டு’ என்று முடிப்பதுதான் எனக்குப் பெரிய வருத்தம்.

இதை ஏன் இவ்வளவு இழுக்கிறேன்? எங்கள் ஸ்டேஷனுக்கு அப்புறம் நாலாவது ஸ்டேஷன் திருவள்ளூர். அதன் பக்கத்தில் காக்களூரில்தான் 2011 செப்டம்பர் 15 அன்று முதல்வர் ஜெயலலிதா இலவச லேப்டாப் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். விண்டோஸோடு, டெபியனை அடிப்படையாகக் கொண்ட சி-டாக்கின் பாஸ் லினக்ஸும் அந்த மெஷின்களில் போட்டுத் தரப்பட்டது. ஆண்டுக்கணக்கில் லட்சக்கணக்கான பிள்ளைகளுக்குப் போய்ச் சேர்ந்தது. பல வீடுகளில் அதுதான் முதல் கம்ப்யூட்டர், இன்னிக்கும் தம்பி தங்கச்சி கைக்கு மாறி ஓடுவது. 2025 அக்டோபர் 14ல் விண்டோஸ் 10 ஆதரவும் முடிந்தது. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0, புது பிராசஸர், டபிள்யூடிடிஎம் 2.0 டிரைவர் எல்லாம் கேட்கும். அந்த வீடுகளுக்கு லினக்ஸ்தான் மிச்சம். அங்கேயும் திறந்த டிரைவர் இருக்கிற சிப்புக்குத்தான் வழி.

2025-26 தமிழக பட்ஜெட்டில் மறுபடி 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லெட் அறிவித்தார்கள். ரேம் எவ்வளவு, ஸ்டோரேஜ் எவ்வளவு என்று எல்லாரும் பேசினோம். டெண்டரில் இன்னும் இரண்டு வரி வேண்டும்: இந்த கிராபிக்ஸ் சிப்புக்கு எந்த வருஷம் வரை டிரைவர் தருவீர்கள்? லினக்ஸ் கெர்னலுக்குள்ளேயே அதற்குத் திறந்த டிரைவர் இருக்கிறதா? இரண்டாவது கேள்விக்கு ‘ஆமாம்’ என்றால், பத்து வருஷம் கழித்து இப்படி ஒரு பதிவு எழுத வேண்டிய அவசியம் யாருக்கும் இருக்காது.