‘கோல் த மிட்வைப்’ நாடகமும் பொப்லர்ப் பெண்களும்

கடந்த காலத்தைக் களமாகக் கொண்ட தொலைக்காட்சி நாடகங்களைப் பற்றி எழுதுவோர் அண்மைக் காலத்திலே ஒரு பாராட்டைத் தவறாது வழங்கி வருகின்றனர். ‘வலிமை வாய்ந்த பெண் பாத்திரங்கள்’ என்பதே அது. அவ்வலிமை யாது என வினவுவோர் மிகச் சிலரே. ஆடவர் நிறைந்த அவையிலே கூரிய மறுமொழி ஒன்றைச் சொல்லிவிட்டாலோ, தந்தை குறித்த மாப்பிள்ளையை மறுத்துவிட்டாலோ, அப்பெண் வலிமையுடையவளாகக் கணிக்கப்படுகிறாள். 2010 முதல் 2015 வரை ஒளிபரப்பான ‘டவுன்ரன் அபி’ நாடகத்தின் மேரி சீமாட்டி அத்தகையவள். அவளது நாவன்மையை நாமும் இரசிக்கலாம். ஆனால், அவள் கண்விழிக்குமுன்னரே அம்மாளிகையின் அடுப்புகளிலே தீமூட்டித் திரியும் டெய்சி என்ற சமையலறைப் பெண்ணின் கைகளையும் சேர்த்து நோக்கும்போதே, சீமாட்டியின் சுதந்திரத்தைத் தாங்கி நிற்பது எதுவென்பது புலனாகும்.

இக்குறையிலிருந்து பெருமளவு விடுபட்ட நாடகம் ஒன்று உண்டு. பி.பி.சி. நிறுவனம் 2012 ஜனவரியில் ஒளிபரப்பத் தொடங்கிப் பத்தாண்டுகளுக்கும் மேலாகத் தொடர்ந்த ‘கோல் த மிட்வைப்’ (மருத்துவிச்சியை அழையுங்கள்) என்பதே அது. தாதியாகப் பணிபுரிந்த ஜெனிபர் வேர்த் 2002இல் வெளியிட்ட நினைவுக் குறிப்புகளை ஆதாரமாகக் கொண்டு ஹெய்டி தோமஸ் இதனை ஆக்கினார். கதை 1957ஆம் ஆண்டிலே, கிழக்கு லண்டனின் பொப்லர்ப் பகுதியிலே தொடங்குகிறது. துறைமுகத் தொழிலாளர் குடும்பங்கள் நெருங்கி வாழ்ந்த இடம் அது. (லண்டன் துறைகளில் அந்நாளில் இறக்கப்பட்ட பெட்டிகளுள் நமது மலையகப் பெண்கள் கொய்த தேயிலையும் இருந்தது என்பதை நாம் மறக்கவேண்டியதில்லை.) அங்கிலிக்கன் திருச்சபையைச் சேர்ந்த கன்னியாஸ்திரிகளும் இளந்தாதியர் சிலரும் ஒரே இல்லத்தில் வாழ்ந்து, சைக்கிளிலே வீடு வீடாகச் சென்று பிரசவம் பார்க்கின்றனர். அக்காலப் பிரித்தானியாவிலே ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு குழந்தைகள் வீட்டிலேயே பிறந்தன.

இந்நாடகத்தின் முதற்சிறப்பு, பெண்ணின் உழைப்பை உழைப்பாகவே காட்டியமையாகும். மரக்குழலைத் தாயின் வயிற்றில் வைத்துச் சிசுவின் இதயத்துடிப்பைக் கேட்பதும், கருவிகளைக் கொதிநீரில் இட்டுச் சுத்திகரிப்பதும், விடியும்வரை ஒருத்தியின் கையைப் பற்றிக்கொண்டு இருப்பதும் இங்கே கதைக்கு அலங்காரமாக வரவில்லை, அவையே கதை. பெண்கள் இருவர் சந்தித்தால் ஆடவனைப் பற்றியே பேசுவர் என்ற பழைய நாடக மரபு இங்கே குலைகிறது. அவர்கள் தம் தொழிலைப் பற்றிப் பேசுகின்றனர், களைத்துப்போய்ச் சண்டையிடுகின்றனர், பின்னர் ஒரே மேசையில் உணவருந்துகின்றனர். இவர்களது ஆற்றல் தனிப்பட்டோரின் குணவிசேடம் மட்டுமன்று. 1948இல் நிறுவப்பட்ட தேசிய சுகாதார சேவை இவர்களுக்குப் பின்னால் நிற்கிறது. பணமில்லாத வீட்டின் கதவையும் மருத்துவிச்சி தட்டலாம் என்ற நிலை, உழைக்கும் மக்கள் நெடுங்காலம் கோரிப் பெற்ற உரிமையின் விளைவு. நாடகம் இதனைப் பல இடங்களில் உணர்ந்தே கூறுகிறது.

ஆயினும், மிக வலிமையான பெண் யாரெனக் கேட்டால், சீருடை அணிந்தவர்களுள் ஒருத்தியை நான் சுட்டமாட்டேன். 2013இல் ஒளிபரப்பான இரண்டாம் தொடரிலே வரும் நோரா ஹார்டிங்கையே சுட்டுவேன். எட்டுக் குழந்தைகளின் தாய், இடிபாடான வீடு, அன்பான, ஆனால் எதுவும் செய்ய இயலாத கணவன். ஒன்பதாவது கரு உண்டானதும் அவள் முடிவெடுக்கிறாள். சட்டம் இடந்தராது, 1861ஆம் ஆண்டுச் சட்டப்படி கருக்கலைப்பு குற்றம். தனக்குத் தெரிந்த வழிகளையெல்லாம் தன்னுடலிலேயே பரீட்சித்துத் தோற்று, இறுதியில் இரகசியமாகக் கருக்கலைப்போரை நாடிச் சாவின் விளிம்புவரை சென்று மீள்கிறாள். அவளைப் பரிதாபத்துக்குரிய பேதையாகவோ பாவியாகவோ தீட்டுவது எளிது. நாடகாசிரியர் இரண்டையும் செய்யவில்லை. உணவு, இடம், தூக்கம் என்பவற்றை எட்டாகப் பங்கிட்டுப் பழகிய ஒருத்தியின் கணக்கு அவளது முகத்திலே தெரிகிறது. வறுமை ஒருத்தியைத் தன்னுடலுக்கே எதிராக எவ்வாறு நிறுத்துகிறது என்பதை இத்துணைத் தெளிவாகக் காட்டிய தொலைக்காட்சிக் காட்சிகள் மிகச் சிலவே.

2019இல் வந்த எட்டாம் தொடர் இதே பிரச்சினையை மறுபக்கத்திலிருந்து நோக்குகிறது. அப்பகுதியிலேயே பிறந்து வளர்ந்து தாதியான வலரி டயர், இரகசியக் கருக்கலைப்பினால் பெண்கள் உயிருக்குப் போராடுவதைக் கண்டு கொதிக்கிறாள். அதனைச் செய்பவள் தன்னைப் பேணி வளர்த்த பாட்டி எல்சியே என்பதை அறியும்போது அவள் உடைந்துபோகிறாள். கிழவியோ தான் பெண்களுக்கு உதவியதாகவே நம்புகிறாள். அவளது அழுக்கான கருவிகளையும் அவளிடம் போகாதிருக்க வழியற்ற பெண்களையும் ஒருசேர நம்முன் வைத்து, ஒரு பக்கம் சாயாது நாடகம் நிற்கிறது. எல்சி சிறை செல்கிறாள். சட்டம் 1967இலேயே மாறியது. அதற்குமுன் அச்சட்டத்தால் இறந்த பெண்களுக்காக எவரும் சிறை செல்லவில்லை.

இத்துணைச் சிறப்புடைய நாடகத்தின் மீது எனக்குள்ள முறைப்பாடும் இதே இடத்திலிருந்துதான் எழுகிறது. ஒவ்வோர் அத்தியாயத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் முதிய ஜெனியின் குரலாக வனெசா றெட்கிறேவ் பேசுகிறார். இனிமையான குரல். ஆனால், சற்றுமுன் நம்மைத் தூங்கவிடாது செய்யக்கூடிய ஒன்றைக் காட்டிய நாடகம், அக்குரலால் நம்மைத் தட்டித் தூங்கவைத்துவிடுகிறது. எல்லாப் புண்களுக்கும் அன்பே மருந்தாகிறது. 2016ஆம் ஆண்டுத் தொடரிலே தலிடோமைட் மருந்தினால் அங்கக் குறைபாட்டுடன் பிறக்கும் குழந்தையின் கதை வருகிறது. தாய் ரோடாவின் துயரும், அம்மருந்தை எழுதிக்கொடுத்த வைத்தியர் ரேணரின் குற்றவுணர்வும் உருக்கமாக அமைந்துள்ளன. ஆனால், குற்றம் அவ்வைத்தியரின் முகத்திலேயே தங்கிவிடுகிறது. அம்மருந்தைப் பிரித்தானியாவில் விற்று இலாபமீட்டிய டிஸ்ரிலேர்ஸ் கம்பனியோடு பாதிக்கப்பட்ட பெற்றோர் 1973வரை இழப்பீட்டுக்காகப் போராடினர் என்ற உண்மையோடு ஒப்பிடுமிடத்து, இது துயரத்தின் பாதிக்கதையே.

இதனினும் முக்கியமானது வேறொன்று. நாடகத்திலே வலிமை பெரும்பாலும் வெளியிலிருந்து சைக்கிளில் வருகிறது. பொப்லர்ப் பெண்கள் அதனைப் பெற்றுக்கொள்பவர்கள், படுக்கையிற் கிடப்பவர்கள், நன்றி கூறுபவர்கள். உண்மையான பொப்லரின் சரித்திரம் இதற்கு மாறானது. 1888இல் பிறையன்ட் அன்ட் மே தீப்பெட்டித் தொழிற்சாலையிலே ஏறத்தாழ 1,400 பெண்களும் சிறுமியரும் வேலைநிறுத்தம் செய்து வென்றது, அதனையடுத்துள்ள போ பகுதியிலேயே. 1915இல் சில்வியா பாங்கேர்ஸ்ரும் கிழக்கு லண்டன் பெண்களும் அங்கே மூடிக்கிடந்த ‘கன்மேக்கேர்ஸ் ஆம்ஸ்’ என்ற மதுச்சாலையைத் தாய்சேய் நிலையமாக மாற்றி, ‘மதேர்ஸ் ஆம்ஸ்’ என்று பெயரும் சூட்டினர். துப்பாக்கி செய்வோர் பெயரை நீக்கித் தாயர் பெயரை இட்ட அவ்வேடிக்கையை எந்த நாடகாசிரியரும் கற்பனையில் மிஞ்ச முடியாது. 1920இல் பொப்லர் நகரசபை, தன் ஊழியருக்கு ஆண் பெண் பேதமின்றி வாரம் 4 பவுண் குறைந்தபட்சக் கூலி வழங்கியது. 1925இல் பிரபுக்கள் சபையின் நீதிபதிகள் அதனைச் சட்டவிரோதமென்று தீர்த்தனர்.

1921ஆம் ஆண்டு நிகழ்ச்சியைத் தனியே கூறவேண்டும். வேலையற்றோர் நிறைந்த ஏழைப் பகுதிகள் தம் ஏழைகளைத் தாமே தாங்கவேண்டும் என்ற அநீதியான வரிமுறையை எதிர்த்து, ஜோர்ஜ் லான்ஸ்பரியின் தலைமையில் அந்நகரசபை லண்டன் மாநகர நிர்வாகத்துக்குரிய வரியைக் கட்ட மறுத்தது. 30 அங்கத்தவர் சிறையிடப்பட்டனர். அவருள் ஐவர் பெண்கள். ஹொலோவே சிறைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். நெலி கிறெசல் அப்போது கர்ப்பிணி. மினி லான்ஸ்பரி விடுதலையாகிச் சில மாதங்களுள், 1922இன் முதல் நாளிலே, 32ஆம் வயதில் நிமோனியாவினால் இறந்தார். போராட்டம் வென்றது, செல்வந்தப் பகுதிகளும் சுமையைப் பகிர வேண்டுமென்று சட்டம் பிறந்தது. நெலி கிறெசல் 1973வரை வாழ்ந்தார். அதாவது, நாடகத்தின் இளந்தாதியர் முதன்முறையாகச் சைக்கிளோட்டி வரும் 1957ஆம் ஆண்டிலே, கர்ப்பிணியாய்ச் சிறை சென்ற அப்பெண் உயிரோடிருந்தார். அவரது தலைமுறையைச் சேர்ந்த ஒரு கிழவியைத் தேநீர்க் கோப்பையோடு படுக்கையருகே அமர்த்தியிருந்தாற்கூட, நோரா ஹார்டிங்கின் கதைக்கு வேறொரு முகம் கிடைத்திருக்கும்.

மூலநூல் ஒரு தாதியின் நினைவுகள்தானே, அவள் கண்டதைத்தானே காட்டமுடியும் எனச் சிலர் கூறலாம். ஜெனி என்ற பாத்திரம் 2014லேயே நாடகத்தைவிட்டு நீங்கிவிட்டது. அதன்பின் ஆசிரியர் நூலுக்குக் கட்டுப்பட்டவரல்லர். அச்சுதந்திரத்தை அவர் வீணாக்கவுமில்லை. வலரி அதன் பேறு. ஜமெய்க்காவிலிருந்து வந்த தாதி லூசில் அன்டர்சனும் அதன் பேறே. 2018இல் நாடகத்துள் நுழையும் லூசில், வந்த சில நாள்களிலேயே நோயாளியின் குடும்பத்தாரின் நிறவெறுப்பைச் சந்திக்கிறாள். அமைதியும் தெய்வபக்தியும் திறமையும் கொண்ட அவளை நாடகம் நெடுங்காலம் சற்று அதிகமாகவே பொறுமைசாலியாக வைத்திருந்தது. 2023ஆம் ஆண்டுத் தொடரிலேயே அவள் முழுமனுஷியாகிறாள். 1968 ஏப்ரலில் ஈனொக் பவல் குடியேறிகளுக்கெதிராக ஆற்றிய உரையின் நிழல் தெருவில் விழுகிறது. ஏற்கெனவே கருச்சிதைவினால் நொந்திருந்த லூசிலுக்கு எழுந்திருக்கவே இயலவில்லை. வலிமையான பெண் உடையலாம் என்பதை ஏற்க இந்நாடகத்துக்குப் பதினொரு ஆண்டுகள் பிடித்தன. ஏற்றபோது நேர்மையாக ஏற்றது.

பவலை ஆதரித்துப் பாராளுமன்றத்துக்கு ஊர்வலம் போனவர்கள் கிழக்கு லண்டன் துறைமுகத் தொழிலாளர் என்பது நமக்குக் கசப்பான உண்மை. லான்ஸ்பரியின் பின்னால் அணிவகுத்தோரின் பிள்ளைகளும் அவருள் இருந்திருப்பர். அவ்வீடுகளின் பிரசவ அறைகளுக்குத்தான் லூசில் ஆண்டுக்கணக்காகச் சென்றுவந்தாள். கணவன் ஊர்வலம் போக, தன் குழந்தையை ஏந்தி எடுத்த கறுத்தக் கைகளை நினைத்துக்கொண்டு வீட்டிலிருந்த மனைவி அன்று என்ன சொன்னாள்? நாடகத்தின் ஒளி லூசிலின் அறையிலும் அவளது தோழியரிடத்தும் தங்குகிறது. அவ்வீட்டு வாசலுக்குப் போகவில்லை. லூசில் ஜமெய்க்கா போய்விடுகிறாள்.