முயல் படம் சொல்லாதது

ஷாம்பூ, கிரீம் புட்டிகளின் பின்புறம், விலங்குகள்மீது சோதிக்கவில்லை என்று சொல்லும் குட்டி முயல் படத்தைப் பார்த்ததும் மனசாட்சி கொஞ்சம் லேசாகிவிடுகிறது. இந்தியாவில் அந்தப் படம் இல்லாத புட்டிக்கும் சட்டம் ஒன்றுதான். அழகு சாதனங்களை விலங்குகள்மீது சோதிப்பதை மத்திய அரசு 2014-இல் தடைசெய்தது. அப்படிச் சோதித்தவற்றை இறக்குமதி செய்யவும் அதே ஆண்டில் தடை வந்தது. நல்ல சட்டம். ஆனால் அது கோடு கிழித்திருக்கும் இடம்தான் இடறுகிறது.

இந்தச் சோதனைகள் யாருடைய குரூரத்திலும் பிறந்தவை அல்ல. 1933-இல் அமெரிக்காவில் ‘லாஷ் லூர்’ என்ற இமைச் சாயம் பல பெண்களின் கண்களைக் கெடுத்தது. ஒருவர் இறந்தே போனார். தட்டிக்கேட்க அன்று அங்கே சட்டம் இல்லை, 1938-இல்தான் வந்தது. 1944-இல் ஜான் டிரெய்ஸ் என்ற அரசு விஞ்ஞானி முயல் கண் சோதனையை வகுத்து வெளியிட்டார்.

முயலின் கீழிமையை இழுத்துப் பிடித்து 0.1 மில்லிலிட்டர் திரவத்தை ஒரு கண்ணில் விடுவார்கள். மறு கண் ஒப்பிட்டுப் பார்க்க. 24, 48, 72 மணி நேரம் கழித்து, விழி எவ்வளவு மங்கியிருக்கிறது, இமை எவ்வளவு வீங்கியிருக்கிறது, எவ்வளவு நீர் வடிகிறது என்று பார்த்து மதிப்பெண் போடுவார்கள். உச்சம் 110, அதில் விழியின் முன்படலமான கார்னியாவுக்கு மட்டும் 80. வலிக்கு மதிப்பெண் கிடையாது.

கருணையை ஒதுக்கிவிட்டு அறிவியலாக மட்டும் பார்த்தாலும் இந்த முறை தேறவில்லை. முயலுக்கு மூன்றாவது இமை உண்டு; கண்ணீர் குறைவு; சிமிட்டுவதும் அரிது. மதிப்பெண்ணோ பார்ப்பவரைப் பொறுத்தது. 1971-இல் வீல், ஸ்காலா என்ற இருவர் ஒரே பொருள்களைப் பல ஆய்வகங்களுக்கு அனுப்பி வெளியிட்ட முடிவுகளில், ஓரிடத்தில் கடும் எரிச்சல் என்று பதிவானது வேறிடத்தில் எரிச்சலே இல்லை என்றிருந்தது.

இருந்தும் முறை மாறியது அறிவியலால் அல்ல. 1980-இல் விலங்குரிமைப் போராளி ஹென்றி ஸ்பைரா, ரெவ்லான் என்ற அழகு சாதன நிறுவனம் எத்தனை முயல்களைக் குருடாக்குகிறது என்று கேட்டு நியூயார்க் டைம்ஸில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்தார். விரைவிலேயே அந்நிறுவனம் மாற்றுமுறை ஆய்வுக்கு ஏழரை லட்சம் டாலர் ஒதுக்கியது. பெயர் கெடும் என்றதும் வழி பிறந்தது! இன்று ஆய்வகத்தில் வளர்த்த மனிதத் தோலும், இறைச்சிக் கூடத்திலிருந்து வரும் மாட்டு விழியும் இந்த வேலையைப் பெருமளவு செய்கின்றன. (மாட்டு விழியைக் கருணைக் கணக்கில் எழுதலாமா என்பது தனி வழக்கு.)

தோல், கண் எரிச்சலுக்கு மாற்று கிடைத்துவிட்டது. ஒரு வேதிப்பொருள் மாதக்கணக்கில் உடலுக்குள் போனால் ஈரலுக்கு என்ன ஆகும், கருவுக்கு என்ன ஆகும் என்பதற்கு இன்னும் முழு மாற்று இல்லை. விலங்குகளில் சோதித்த அழகு சாதனங்களுக்கான விற்பனைத் தடையையும் ஐரோப்பிய ஒன்றியம் 2013-இல் முழுமையாக்கியது. ஆனாலும் சன்ஸ்கிரீனில் சேர்க்கும் இரண்டு வேதிப்பொருள்களுக்கு, வேதிப்பொருள் சட்டத்தின்படி விலங்குச் சோதனை கேட்கலாம் என்று 2023-இல் அதன் நீதிமன்றமே தீர்ப்பளித்தது. இன்னொன்றையும் முயல் படம் சொல்வதில்லை. புட்டிக்குள் இருக்கும் பழைய மூலப்பொருள்களில் பெரும்பாலானவை பாதுகாப்பானவை என்று நமக்குத் தெரிந்ததே முன்பு விலங்குகளில் சோதித்ததால்தான்.

நம் தடையின் கோளாறு அது பெயரைப் பார்ப்பது. முகத்தில் பூசும் கிரீமுக்குப் பொருந்தும் விதி, பாத்திரம் தேய்க்கும் திரவத்துக்குப் பொருந்தாது. கொசுவிரட்டி 1968-ஆம் ஆண்டு பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ் வருகிறது. அதன் மருந்தை மூச்சில் இழுத்தால் என்ன ஆகும் என்பதற்கு இன்றும் எலிகளே சாட்சி. குழந்தை தூங்கும் அறையில் இரவெல்லாம் ஆவியாகும் மருந்துக்கு அந்தச் சாட்சி வேண்டாம் என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் ஏற்கெனவே நூறு வகை இருக்கும் தரை துடைக்கும் திரவத்தில் புது வாசனை சேர்க்க ஓர் எலியைக்கூடக் கொல்லத் தேவையில்லை. கேட்க வேண்டியது, இந்தப் புதுப் பொருள் இல்லாமல் நமக்கு ஆகாதா என்பதுதான். ஆகும் என்றால், அழகு சாதனங்களுக்கு உள்ள தடையை வீட்டுப் பொருள்களுக்கும் அரசு நீட்டிக்க வேண்டும்.