விதி: உலகம் சுற்றும் பந்தயம் குறித்துச் சில குறிப்புகள்

தமிழில் 'விதி' என்கிற ஒரே சொல்லை இரண்டு வேலைக்கு வைத்திருக்கிறோம். ஆட்டத்தின் சட்டதிட்டமும் விதிதான், தலையெழுத்தும் விதிதான். 'தி அமேசிங் ரேஸ்' என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சிப் பந்தயத்தைத் தொடர்ந்து பார்க்க ஆரம்பிக்கும்வரை இந்தச் சிக்கனத்தைப் பற்றி நான் யோசித்ததில்லை. இதையெல்லாம் உட்கார்ந்து பார்ப்பாயா என்று கேட்கிற நண்பர்கள் இருக்கிறார்கள். ரொலாண் பார்த் மல்யுத்தத்தையும் சைக்கிள் பந்தயத்தையும் பற்றி எழுதினால் கோட்பாடு, நாம் கேபிள் டிவி பார்த்தால் வெட்டிப்பொழுது. இருக்கட்டும்.

ஆட்டம் இதுதான். 2001 செப்டம்பர் 5 அன்று சி.பி.எஸ். தொலைக்காட்சியில் தொடங்கியது. இரண்டிரண்டு பேராகப் பத்துப் பன்னிரண்டு அணிகள் – கணவன் மனைவி, அப்பா பிள்ளை, பிரிந்துபோய் மறுபடி சேர யோசிக்கும் காதலர்கள் – உலகத்தைச் சுற்றி ஓடவேண்டும். கட்டத்துக்குக் கட்டம் கடைசியாக வருகிற அணி வீட்டுக்குப் போகும். இறுதியில் முதலாவதாக வருகிறவர்களுக்குப் பத்து லட்சம் டாலர். வழிச்செலவுக்கு உறையில் காசு போட்டுக் கொடுத்துவிடுவார்கள். மற்றதெல்லாம் அவரவர் சாமர்த்தியம். எம்மி விருதில் இவ்வகைப் போட்டிகளுக்கென 2003இல் ஒரு பிரிவு ஏற்படுத்தியபோது முதல் ஏழு வருஷமும் இதற்கேதான் கொடுத்தார்கள்.

ஓட்டம் என்றால் முந்தினவன் முந்தினவனாகத்தானே இருக்கவேண்டும்? இங்கே இல்லை. ஆறு மணிநேரம் முன்னால் போய்விட்ட அணி ஏதோ ஒரு கோட்டை வாசலில் போய் நிற்கும். காலை எட்டு மணிக்குத்தான் கதவு திறக்கும் என்று பலகை தொங்கும். விடிவதற்குள் கடைசி அணியும் வந்து பக்கத்தில் மூட்டையைத் தலைக்கு வைத்துப் படுத்துக்கொள்ளும். கதவு இல்லாவிட்டால் விமானம்: அந்த ஊருக்கு அன்றைக்கு இருப்பது ஒரே விமானம், முந்தினவரும் பிந்தினவரும் அடுத்தடுத்த இருக்கையில். இது போதாதென்று சில கட்டங்களில் கடைசியாக வருகிறவரை வெளியேற்றுவதும் இல்லை. எந்தக் கட்டத்தில் இந்த மன்னிப்பு என்பது ஓடுகிறவர்களுக்குத் தெரியாது. ஆக, 'எதிர்பாராத மீட்சி' என்று பின்னணி இசையோடு நமக்குக் காட்டப்படுவது முன்கூட்டியே எதிர்பார்த்துக் கட்டிவைக்கப்பட்ட ஒன்று. கதவு பூட்டியிராவிட்டால் நாலாவது வாரத்திலேயே கதை முடிந்துவிடும். கெட்டிக்காரன் சம்பாதித்த ஆறு மணிநேரத்தைப் பிடுங்கிக்கொள்வது நியாயமா என்று ரசிகர்கள் சண்டை போடுகிறார்கள். எனக்கு அந்தச் சண்டையில் பெரிய ஈடுபாடில்லை. அதற்குள்ளேயே நின்றுகொண்டால் ஓடுகிற இருபத்துச் சொச்சம் பேருக்கு நடுவில் உள்ள நியாயத்தை மட்டும்தான் பேசமுடியும்.

ரோஜே கயுவா 1958இல் வெளிவந்த தன் புத்தகத்தில் மனிதர்களின் விளையாட்டுகளை நாலாகப் பிரித்தார்: போட்டி, தற்செயல், பாவனை, கிறுகிறுப்பு. ஓட்டப்பந்தயம் போட்டி; பகடை தற்செயல். ஒன்றில் எல்லாமே உன் உழைப்பு, மற்றதில் உன் கையில் எதுவுமில்லை. ஆனால் நடைமுறை வாழ்க்கையில் கிடைக்காத சமத்துவத்தைச் செயற்கையாக உண்டாக்குகின்றன என்ற வகையில் இரண்டும் ஒன்றுதான் என்கிறார். பூட்டிய கதவுக்கு இது அழகாகப் பொருந்துகிறது. ஆனால் கயுவாவின் பகடைக்கு வாயும் வயிறும் கிடையாது. இந்தப் பந்தயத்தின் பகடை ஒரு டாக்சி டிரைவர்.

ஒவ்வொரு சீசனிலும் இதைப் பார்க்கலாம். வழி தெரிந்த டிரைவர் கிடைத்தால் அதிர்ஷ்டம், தெரியாதவர் கிடைத்தால் துரதிர்ஷ்டம். டிக்கெட் கவுண்டரில் இருக்கும் பெண் கொஞ்சம் மெனக்கெட்டு இன்னொரு விமானத்தைத் தேடிப் பார்த்தால் அது இவர்களுடைய நல்ல நேரம். அவள் செய்தது வேலை. அவன் செய்தது வேலை. ஒருவனின் உழைப்பு இன்னொருவனின் கதையாடலுக்குள் நுழையும்போது அதிர்ஷ்டம் என்று பெயர் மாற்றிக்கொள்கிறது. நான் சொல்லவருவது இவ்வளவுதான், மற்றவை உதாரணங்கள்.

2004இல் வந்த ஐந்தாவது சீசனில் காலின் – கிறிஸ்டி என்றொரு ஜோடி. காலினுக்கு மூக்குக்கு மேலே கோபம். தான்சானியாவில் டாக்சிக்குப் பேசிய கூலியை முழுசாகக் கொடுக்க மாட்டேன் என்று மல்லுக்கு நின்று, விவகாரம் காவல் நிலையம்வரை போயிற்று. பிலிப்பைன்ஸில் எருமை பூட்டி உழவேண்டிய கட்டம் வந்தது. உழவு நகரவில்லை. காலின் கத்தியதை நம் ஊர்ப் பேச்சில் சொன்னால், "என் மாடு ரிப்பேர்." ரசிகர்களிடையே அது ஒரு நிரந்தர நகைச்சுவையாகிவிட்டது. எனக்கும் சிரிப்பு வந்தது. அடுத்த கணம் உறுத்தவும் செய்தது. உழவு ஒரு வித்தை. அதைக் கால்மணி நேரத்தில் தாண்டவேண்டிய தடையாக மாற்றிவிட்ட பிறகு மாடு பழுதாகக்கூடிய யந்திரம்தானே? அந்த ஜோடி அப்போது இரண்டாவதாக வந்தது. 2019இல் முப்பத்தோராவது சீசனில் திரும்பி வந்து, நிதானமான மனிதர்களாக ஓடி, ஜெயித்தார்கள். பதினைந்து வருஷத்துக்குப் பிறகு ஒரு மீட்சி. காலின் உண்மையாகவே மாறியிருந்தார், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் தொலைக்காட்சி இதை ஓர் ஆன்மாவின் பயணமாகச் சொல்லிக்கொண்டபோது நான் அந்தத் தான்சானியா டிரைவரை நினைத்துக்கொண்டேன். அவருக்கு முப்பத்தோராவது சீசன் என்று ஒன்று கிடையாது.

இதற்கு நேர் எதிரானது 2005இல், ஏழாவது சீசனின் இறுதிக் கட்டம். முன்னணியில் ராப் – ஆம்பர். ராப் மாதிரி விதியைப் புரட்டிப் படித்த ஆளை நான் அதில் பார்த்ததில்லை. அர்ஜென்டினாவில் ஏறக்குறைய இரண்டு கிலோ இறைச்சி தின்னவேண்டும் என்றபோது, முடியாது என்று எழுந்து நாலு மணிநேரத் தண்டனையை ஏற்றுக்கொண்டு, கூடவே இன்னும் இரண்டு அணிகளையும் எழுந்துவரப் பேசிச் சம்மதிக்க வைத்தார். மூன்று பேருக்கும் அதே தண்டனை என்றால் அது தண்டனையே இல்லை. விதிக்குள் நின்றுகொண்டே விதியைக் காலி செய்யும் இந்த மூளையை ரசிக்காமல் இருக்கமுடியாது. எதிரே உசென்னா – ஜாய்ஸ், கறுப்பினத் தம்பதி. முந்தைய கட்டத்தில் கடைசியாக வந்தும் வெளியேற்றப்படாமல் தப்பியவர்கள். அதற்கு விலையாகக் கையிலிருந்த காசு முழுவதையும் ஒப்படைத்திருந்தார்கள்.

சான் ஹுவான் விமான நிலையத்தில் மியாமி போகும் முந்தைய விமானத்தில் ராப் – ஆம்பர் ஏறியாயிற்று. இவர்கள் ஓடிவரும்போது கதவு மூடியாயிற்று. கேட்டுப் பார்க்கிறார்கள், நிற்கிறார்கள். விமானி சம்மதிக்க, விலகிப்போன நடைபாதை மறுபடி விமானத்தோடு ஒட்டுகிறது. கதவு திறக்கிறது. படப்பிடிப்புக் குழு தலையிட்டதா என்று அன்றைக்கே சர்ச்சை கிளம்பியது. என் நண்பர் ஒருவர் இன்றுவரை, "டைரக்டர் சொல்லித்தான்யா திறந்தான்" என்கிறார். நான் மறுத்துப் பேசுவதில்லை. யார் சொல்லித் திறந்தாலும் அந்தத் தொடரில் இருந்த மற்றெல்லாக் கதவுகளும் சொல்லிவைத்துத் திறந்தவைதான். இது ஒன்று மட்டும் ஏன் உறுத்தவேண்டும்? நேரப் பலகை தொங்கவிடாமல் திறந்தது என்பதாலா?

ஆனால் எனக்கு முக்கியம் விமானம் இல்லை, அதற்குப் பிறகு வரும் டாக்சி. மியாமியில் இறங்கி, முடிவுக்கோட்டை நெருங்கிய பிறகு கூலி கொடுக்கக் காசு போதவில்லை. இறங்கி ஓடினால் பத்து லட்சம் டாலர். அவர்கள் ஓடவில்லை. தெருவில் நின்று, போகிற வருகிறவர்களிடம் பிச்சை கேட்டார்கள். அந்த நிமிஷங்களில் ராப் – ஆம்பரின் டாக்சி எங்கே வந்துகொண்டிருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. சேர்ந்த காசை டிரைவரிடம் கொடுத்துவிட்டுத்தான் ஓடினார்கள், ஜெயித்தார்கள். 'கூலியைக் கொடுத்துவிட்டுப் போ' என்ற பழைய, சாதாரண நியாயம், பந்தயத்தின் நியாயத்தைக் கொஞ்ச நேரம் நிறுத்திவைத்தது. பகடை மனிதனாக இருந்த ஒரே தடவை அதுதான் என்று சொல்ல ஆசை. ஒரே தடவை என்று சொல்லமுடியாது. நான் பார்த்தவற்றில் அதுதான் தெளிவான தடவை.

அதே சீசனில் இந்தியாவில் ஒரு கட்டம். மற்ற வேலைகளைத் தாண்டி நேரே கட்டத்தின் முடிவுக்குப் போக ஒரு குறுக்குவழி கொடுக்கப்பட்டது. விலை, இருவரும் மொட்டை. ஜாய்ஸ் அழுதுகொண்டே தலையைக் கொடுத்தார். நமக்கு மொட்டையும் புதிதல்ல, உலகம் சுற்றும் பந்தயமும் புதிதல்ல. மாம்பழத்துக்காக நிஜமாகவே உலகத்தைச் சுற்றி வந்தவனுக்குப் பழம் இல்லை. உட்கார்ந்த இடத்தில் அப்பா அம்மாவைச் சுற்றியவனுக்குக் கிடைத்தது. விதியை அட்சரம் பிசகாமல் பின்பற்றியவன், விதிக்குச் சொல்லப்பட்ட புது வியாக்கியானத்தால் தோற்றான். தமிழன் மொட்டை போட்டுக்கொள்ளப் பழனிக்குப் போகிறான், தோற்றுக் கோபித்துக்கொண்டவன் மலைக்கு. ஜெயித்தவருக்குத் தேங்காய் உடைப்பதோடு சரி.

இனி பாஸ்போர்ட். ஏழாவது சீசனில் கடைசியாக வந்தவர்களிடம் காசு, மூட்டை எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டார்கள். உடுத்தியிருக்கும் துணியையும் பாஸ்போர்ட்டையும் மட்டும் விட்டுவைத்தார்கள். 2009இல் கம்போடியாவில் முன்னணியில் ஓடிவந்து சேர்ந்த அணியொன்று பாஸ்போர்ட்டைத் தொலைத்திருந்ததால் வெளியேறியது. 2012இல் மாஸ்கோவில் ஒரு அணியின் மூட்டைகளோடு டாக்சி போய்விட்டது. ஒருவருடைய பாஸ்போர்ட்டும் அதில். அவர்களுடைய ஓட்டம் அங்கே முடிந்தது. மலையிலிருந்து குதிக்கத் தயாராக இருப்பவர்கள், எதையும் தின்னத் தயாராக இருப்பவர்கள், ஒரு சின்னப் புத்தகம் இல்லையென்றால் நகரமுடியாது. எல்லா விதிகளுக்கும் அடியில் கிடக்கும் இந்த விதி, விபத்து நடக்கும்போது மட்டும்தான் திரையில் தெரிகிறது. மற்ற நேரத்தில் அது பந்தயத்துக்கு முன்பே தீர்ந்துபோன விஷயம். விசாக்கள் தயாராகிவிடுகின்றன. எந்த அணியும் தூதரக வாசலில் வரிசையில் நின்று பின்தங்கியதாக நான் பார்த்ததில்லை.

நான் நின்றிருக்கிறேன். 2006இல் ஒரு கருத்தரங்குக்கு அழைப்பு வந்து, வங்கிக் கணக்கு, வேலைச் சான்று, வீட்டுப் பத்திரத்தின் நகல் எல்லாவற்றையும் உறையில் போட்டுக்கொண்டு ஒரு தூதரக வாசலில் காலை ஐந்து மணிக்கு. அங்கேயும் எட்டு மணிக்குத்தான் கதவு திறந்தது. ஆனால் அந்தக் கதவு யாரையும் சமமாக்கவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் இரண்டு நிமிஷம் பேசினார். போனால் நீங்கள் திரும்பி வருவீர்கள் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார். மீண்டு வருவதை ஆதாரத்தோடு நிரூபிக்கவேண்டிய போட்டியில் நான் முதல் கட்டத்திலேயே வெளியேறினேன். அதே வருஷம்தான் பத்தாவது சீசனில் அவர்கள் சென்னைக்கு வந்தார்கள். முதலைப் பண்ணையில் முதலையைப் பிடித்தார்கள், வாசலில் கோலம் போட்டார்கள், டிரைவிங் ஸ்கூல் காரில் உட்கார்ந்து நம் போக்குவரத்தில் ஓட்டிப் பழகினார்கள். ஏ.எக்ஸ்.என்.னில் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு முதலையைவிட அந்த ஓட்டுநர் பயிற்சியாளரின் முகத்தைத்தான் இன்னும் கொஞ்ச நேரம் காட்டியிருக்கலாம் என்று தோன்றியது. நான் தினமும் கடக்கும் தெருக்கள் அவர்களுக்கு ஒரு தடை, ஓர் அதிர்ஷ்டம், ஒரு கட்டம். அன்றைக்கு நான் பகடையின் பக்கம் உட்கார்ந்து பார்த்தேன்.

கோபம் மட்டும்தானா என்றால் இல்லை. விமான நிலையங்களை நான் ரசித்தேன். 2020 பிப்ரவரியில் முப்பத்து மூன்றாவது சீசனின் படப்பிடிப்பு மூன்று கட்டங்களோடு கொரோனாவால் நின்றது. 2021 செப்டம்பரில்தான் மறுபடி தொடங்கியது. நாலு அணிகளால் திரும்பி வர முடியவில்லை. ஏற்கெனவே தோற்று வீட்டுக்குப் போயிருந்த இரண்டு அணிகளைக் கூப்பிட்டுச் சேர்த்துக்கொண்டார்கள். எந்தக் கதாசிரியனும் துணியாத மீட்சி இது. ஆனால் அதன்பிறகு எல்லோரையும் ஒரே தனி விமானத்தில் ஏற்றிக்கொண்டு போனார்கள். கவுண்டர் இல்லை, கெஞ்சல் இல்லை, மூடும் கதவு இல்லை. சமத்துவம் பூரணமாயிற்று, பார்க்க அலுப்பாகவும் ஆயிற்று. அந்நியர் ஒருவரின் தயவை வேண்டி நிற்கும் அந்தச் சில நிமிஷங்களில்தான் இவர்களும் மற்றவர்களைப்போல ஆகியிருந்தார்கள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பி.பி.சி. 2019இலிருந்து நடத்திவரும் 'ரேஸ் அக்ராஸ் தி வேர்ல்ட்' வேறு மாதிரி. விமானம் கூடாது, கைபேசி கூடாது. அதே தூரத்துக்கு விமானக் கட்டணம் எவ்வளவோ அவ்வளவுதான் கையில் காசு. தீர்ந்துபோனால் வழியில் வேலை செய்து சம்பாதித்துக்கொள்ளலாம். பரிசு இருபதாயிரம் பவுண்டு. இங்கே கூலி வாங்கும் பக்கமும் இவர்கள் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டியிருக்கிறது. பாஸ்போர்ட் விஷயத்தில் மாற்றமொன்றுமில்லை. 2025இல் அது சீனப் பெருஞ்சுவரில் தொடங்கிக் கன்னியாகுமரியில் முடிந்தது; ஓர் அம்மாவும் மகனும் ஜெயித்தார்கள். முடிவுக்கோடு நமக்குப் பழக்கமான இடம் என்பதால் நண்பரோடு சேர்ந்து பார்த்தேன். அவருக்குப் பிடித்துப்போயிற்று. இதில் எந்தக் கதவையும் யாரும் சொல்லித் திறக்கவில்லை என்றார். கொஞ்ச நேரம் கழித்து அவரே, "கடைசியா ஏறின வண்டிக்காரனுக்குக் காசு குடுத்தாங்களா, கவனிச்சியா?" என்று கேட்டார். நான் கவனித்திருக்கவில்லை.