கம்பத்துக்கு அடியில் ஒருவன்

யூட்யூபில் 'போ-தாவோஷி' என்று தேடிப் பாருங்கள். ஒரு பெரிய கூட்டம் ஒற்றைக் கம்பத்தின் மேல் பாய்கிற க்ளிப்கள் வந்து விழும். ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, 'ஜப்பான்காரனுக்கு வேற வேலையில்லை' என்று நண்பருக்கு அனுப்பிவிட்டு மறந்துவிடுவீர்கள். நானும் முதலில் அதைத்தான் செய்தேன். இரண்டாவது தடவை பார்த்தபோதுதான் உறைத்தது. க்ளிப் போட்டவர்கள் கூட்டத்தைக் காட்டுகிறார்களே தவிர, ஆட்டத்தைக் காட்டவே இல்லை.

'போ' என்றால் கம்பு. 'தாவோஷி', சாய்ப்பது. பள்ளி விளையாட்டு விழாக்களில் ஆடுவது. டோக்கியோவின் கைசெய் பள்ளியில் ரொம்பப் பிரசித்தம். ஆனால் நீங்கள் பார்த்த க்ளிப் அநேகமாக யோகோசுகாவில், தேசிய பாதுகாப்பு அகாடமியில் எடுத்ததாக இருக்கும். தற்காப்புப் படையின் வருங்கால அதிகாரிகள் படிக்கிற இடம். அங்கே நவம்பர் மாத ஆண்டு விழாவில் மாணவர்களின் நான்கு பட்டாலியன்கள் மோதும். அணிக்கு 150 பேர். 75 பேர் சொந்தக் கம்பத்தைக் காக்க, 75 பேர் எதிரியின் கம்பத்தைச் சாய்க்க. பந்து கிடையாது, கோல் கிடையாது. எதிரியின் கம்பத்தைத் தரையிலிருந்து 30 டிகிரிக்குக் கொண்டுவந்தால் ஜெயம்.

இப்போது உள்ளே பாருங்கள். கம்பத்தைக் கட்டிப்பிடித்தபடி ஒரு கொத்து ஆட்கள். அவர்களைச் சுற்றிக் கை கோத்து ஒரு மனித மதில். தாக்க வருகிறவர்களில் சிலர் அந்த மதிலில் முட்டிக் குனிந்துகொள்வார்கள். அவர்கள் முதுகுதான் பின்னால் வருகிறவனுக்குப் படிக்கட்டு. கம்பத்தின் உச்சியில் ஒருத்தன் தொற்றிக்கொண்டிருப்பான். பெயர் நிஞ்ஜா. ஏறி வருகிறவனை உதைத்துத் தள்ளுவது அவனுக்குப் பாதி வேலை. கம்பம் ஒரு பக்கம் சாய்ந்தால் மறுபக்கம் உடம்பைச் சாய்த்து ஈடுகட்டுவது மீதி வேலை. காமிராவெல்லாம் அவன் மேல்தான். நியாயம்தான், ஹீரோ மாதிரிதான் இருக்கிறான்.

என் கண் அடியில் நிற்கிறவன் மேல். முகத்தைக் கம்பத்தில் பதித்துக்கொண்டு நிற்கிறானே, அவன். அவனுக்கு எதுவும் தெரியாது. தன் ஆட்கள் அந்தப் பக்கம் எதிரியின் கம்பத்தைத் தொட்டார்களா, இல்லையா? தெரியாது. தாக்கப் போனவனுக்கும் தன் கம்பம் இன்னும் நிற்கிறதா என்று திரும்பிப் பார்க்க நேரமில்லை. பாதி அணி மறுபாதியைக் கண்ணால் பார்க்காமலே நம்பி அடி வாங்குகிறது. இந்த ஒரு ஏற்பாட்டுக்காகவே இது நல்ல ஆட்டம் என்பேன்.

குறையும் அங்கேயேதான் இருக்கிறது. 1973 வரை 45 டிகிரிக்குச் சாய்த்தாலே போதும். அதை 30 ஆக்கினார்கள். வெறும் 15 டிகிரிதானே என்று தோன்றும். ஆனால், முன்பு விசில் ஊதியிருக்க வேண்டிய கட்டத்துக்கு அப்புறமும் ஆட்கள் கம்பத்தில் தாவித் தொங்கிக்கொண்டே இருக்கிறார்கள். அத்தனை எடையும் இறங்குவது யார் மேல்? பார்க்கிற நமக்கு விறுவிறுப்பு கூடியது. அதற்குக் கட்டணம் கட்டுவது அந்தக் கீழ் ஆள்.

அகாடமிக்காரர்கள் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு, தெரிந்தே இறங்குகிறார்கள். சரி, பள்ளிக்கூடப் பையன்? வகுப்பே இறங்கும்போது 'நான் வரலை சார்' என்று அவனால் சொல்ல முடியுமா? இதே பள்ளி விழாக்களில் பிள்ளைகள் ஒருவர் மேல் ஒருவர் ஏறிப் பிரமிட் கட்டுவார்கள். அதில் அடிபடுவது பெரிய விவாதமாகி, 2016-ல் அரசின் விளையாட்டுத் துறையே பள்ளிகளை எச்சரித்துச் சுற்றறிக்கை அனுப்பியது. போ-தாவோஷிக்கும் அதே அளவுகோல்தான் என்பது என் கட்சி. பையன்களுக்காவது பழைய 45-ஐத் திருப்பிக் கொடுக்கலாம்.

மறுபடி ஒரு க்ளிப் பார்த்தால் நிஞ்ஜாவை விட்டுவிடுங்கள். விசில் ஊதி, குவியல் கலைந்த பிறகு கடைசியாக எழுந்து வருகிறவனைக் கவனியுங்கள். பெரும்பாலான க்ளிப்கள், என்ன அவசரமோ, அதற்கு முன்பே முடிந்துவிடுகின்றன.